பரிசுக்கு எந்தச் சட்டை?

ஒரு பரிசுப் பொட்டலத்தைச் சுற்றியிருக்கும் பளபளப்பான தாளின் ஆயுள் எவ்வளவு என்று நீங்கள் எப்போதாவது எண்ணிப் பார்த்ததுண்டா? கடையில் வாங்குகிறோம். கத்தரிக்கோலும் ஒட்டு நாடாவும் வைத்துக்கொண்டு கால் மணி நேரம் பாடுபட்டுச் சுற்றுகிறோம். பரிசைப் பெற்றவரோ அரை நிமிடத்தில் அதைக் கிழித்துவிடுகிறார். அத்துடன் அதன் வேலை முடிந்தது. ஆனால் ஆயுள் முடிந்ததா? அதுதான் கேள்வி.

டிசம்பர் மாதம் வந்துவிட்டால் பல பள்ளிகளில் சீட்டுக் குலுக்கிப் பெயர் எடுத்து, யாருக்கு யார் என்று தெரியாமல் கிறிஸ்துமஸ் பரிசு கொடுக்கும் விளையாட்டு நடக்கும். உங்கள் வகுப்பில் 40 மாணவர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு ஒரு தாள். கடையில் கிடைக்கும் தாளின் அளவு 50 செ.மீ.க்கு 70 செ.மீ. என்று கொண்டால், ஒரு தாளின் பரப்பு 0.35 சதுர மீட்டர். 40 தாள்களுக்கு 14 சதுர மீட்டர். ஒரு சிறிய அறையின் தரை முழுவதையும் மூடிவிடலாம்! விழா முடிந்ததும் இவ்வளவும் வகுப்பறை மூலையில் குவிகிறது. அந்தக் குவியலைப் பற்றிக் கொஞ்சம் விஞ்ஞான முறையில் சிந்திப்போமா?

கன்சாஸ் நகரில் தீர்ந்துபோன தாள்

பரிசைச் சுற்றிக் கொடுக்கும் வழக்கம் மிகப் பழையது. ஆனால் அதற்கென்றே அச்சடித்த வண்ணத் தாள் அவ்வளவு பழையதன்று. 1917ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் சமயம். அமெரிக்காவில் கன்சாஸ் நகரில் ஹால் சகோதரர்கள் என்போர் வாழ்த்து அட்டைக் கடை நடத்திவந்தார்கள். அந்நாளில் பரிசுகளை வெள்ளை, சிவப்பு, பச்சை நிற மெல்லிய தாளில் சுற்றுவதுதான் வழக்கம். அந்த ஆண்டு வியாபாரம் மும்முரமாக நடந்து, அந்தத் தாள் முழுவதும் தீர்ந்துவிட்டது. கடை உரிமையாளர்கள் யோசித்தார்கள். பிரான்சிலிருந்து வந்திருந்த, கடித உறைகளின் உட்புறம் ஒட்டுவதற்கான அலங்காரத் தாள் கைவசம் இருந்தது. அதை எடுத்து, தாள் ஒன்று 10 சென்ட் என்று விற்றார்கள். அதுவும் விற்றுத் தீர்ந்தது! பின்னாளில் ஹால்மார்க் என்று பெயர் பெற்ற அந்நிறுவனத்துக்குப் பரிசுத் தாள் ஒரு பெரிய தொழிலாகவே வளர்ந்தது.

இதற்குச் சற்று முன்பு, 1908இல், சுவிட்சர்லாந்து நாட்டு இரசாயன அறிஞர் ஜாக் பிராண்டன்பெர்கர் செலோபன் என்ற கண்ணாடித் தாளைக் கண்டுபிடித்திருந்தார். 1930இல் அமெரிக்காவில் ரிச்சர்டு ட்ரூ என்பவர் இந்தச் செலோபனின் மேல் பசையைத் தடவி, நாம் இன்று பயன்படுத்தும் ஒளிபுகும் ஒட்டு நாடாவை உருவாக்கினார். தாள், கண்ணாடித் தாள், ஒட்டு நாடா ஆகிய மூன்றும் கைக்கு வந்தபின், கயிறும் முடிச்சும் பரிசு மேசையிலிருந்து மெல்ல விடைபெற்றன.

ஒன்றைக் கவனியுங்கள். பிராண்டன்பெர்கரின் செலோபன், தாவரங்களின் செல்லுலோஸிலிருந்து செய்யப்பட்டது, மண்ணில் மக்கக்கூடியது. இன்று கடைகளில் அதே பெயரைச் சொல்லி விற்கப்படும் கண்ணாடித் தாளில் பெரும்பகுதி பாலிபுரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக். பெயர் பழையது, பொருள் வேறு.

கசக்கினால் தெரியும்

கையில் உள்ள தாள் உண்மையில் காகிதமா, பிளாஸ்டிக்கா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பிரிட்டனில் மறுசுழற்சிப் பிரசாரம் செய்வோர் பொதுமக்களுக்கு ஓர் எளிய சோதனையைச் சொல்லிக் கொடுக்கிறார்கள். தாளை உள்ளங்கையில் வைத்து நன்றாகக் கசக்குங்கள். பிறகு கையை விரியுங்கள். கசங்கிய பந்து அப்படியே கிடந்தால் பெரும்பாலும் அது காகிதம். மெல்ல மெல்ல விரிந்து எழுந்தால் அது பிளாஸ்டிக் தாள்.

இதன் காரணம் என்ன? காகிதம் என்பது குட்டைக் குட்டையான நார்கள் பின்னிக் கிடக்கும் ஒரு படுகை. அதை மடிக்கும்போது மடிப்பு விழும் இடத்தில் நார்களுக்கு இடையேயுள்ள பிணைப்புகள் அறுகின்றன. நார்கள் வழுக்கி இடம் மாறுகின்றன. அவை திரும்பப் பழைய இடத்துக்கு வருவதில்லை. இதை நிலையான உருமாற்றம் என்கிறோம். பிளாஸ்டிக் தாளில் நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் உள்ளன. தாள் மிக மெல்லியது என்பதால் வளைவில் ஏற்படும் இழுப்பும் குறைவு. அந்த இழுப்பில் பெரும்பகுதி மீள்சக்தியாகச் சேமிக்கப்பட்டு, கையை எடுத்தவுடன் தாளை விரித்துவிடுகிறது. வில்லை வளைத்து விட்டால் நிமிர்வது போலத்தான்.

சமையலறையில் பயன்படும் அலுமினியத் தாளும் கசக்கினால் அப்படியே கிடக்குமே என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. ஆகவே இரண்டாவது சோதனையையும் செய்யுங்கள். தாளின் ஒரு மூலையைக் கிழித்து, கிழிந்த ஓரத்தை வெளிச்சத்தில் பாருங்கள். மீசை போல நார்கள் நீட்டிக்கொண்டிருந்தால் அதில் காகிதம் இருக்கிறது. நாருக்கு மேலே கண்ணாடி போன்ற ஒரு படலம் தனியே இழுபட்டு வந்தால், காகிதத்தின் மேல் பிளாஸ்டிக் ஒட்டப்பட்டிருக்கிறது என்று பொருள். மூன்று வகைகளில் மிகவும் தொல்லை கொடுப்பது இந்தக் கலப்புத் தாள்தான். காகித ஆலைக்கும் பயன்படாது. பிளாஸ்டிக் ஆலைக்கும் பயன்படாது.

ஒரு தாளில் எத்தனை அலுமினியம்?

ஜிகினாத் தாள் ஏன் கண்ணாடி போல மின்னுகிறது? அலுமினியத்தால்தான். ஆனால் அதில் எவ்வளவு அலுமினியம் உள்ளது தெரியுமா?

இந்தத் தாளைச் செய்யும் விதம் சுவையானது. சுமார் 12 மைக்ரான் தடிமனுள்ள பாலியெஸ்டர் சுருளை ஒரு வெற்றிட அறைக்குள் ஓட விடுகிறார்கள். அறையின் அடியில் அலுமினியத்தை ஏறத்தாழ 1,400 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றுகிறார்கள். காற்றில்லாத அந்த அறையில் அலுமினியம் ஆவியாகி, மேலே ஓடும் தாளின்மீது பனி படிவதுபோலப் படிகிறது. படியும் அடுக்கின் தடிமன் சில பத்து நானோமீட்டர்களே. 40 நானோமீட்டர் என்று கொண்டால், அதில் சுமார் 150 அணு அடுக்குகள்தாம் இருக்கும். சமையலறை அலுமினியத் தாளின் தடிமன் 10 மைக்ரானுக்குச் சற்று மேல். அதாவது ஜிகினா அடுக்கைப் போல் ஏறத்தாழ 250 மடங்கு!

இவ்வளவு மெல்லிய அடுக்கால் ஒளியை எப்படித் தடுத்துத் திருப்ப முடிகிறது? ஒளி ஒரு மின்காந்த அலை. உலோகத்தில் சுதந்திரமாகத் திரியும் எலக்ட்ரான்கள் அந்த அலை உள்ளே நுழைந்ததும் தாமும் அதிர்ந்து, அதை உடனே வெளியே திருப்பிவிடுகின்றன. உலோகத்துக்குள் சில பத்து நானோமீட்டர் செல்வதற்குள் ஒளி அலை தேய்ந்து மறைந்துவிடும். அதற்கு மேல் தடிமன் இருந்தும் பயனில்லை.

இந்த விஞ்ஞானத்தில் குறை ஒன்றுமில்லை. வானத்தை ஆராய்வதற்கும் இதே முறைதான் உதவுகிறது. நம் காவலூர் வானாய்வகத்தில் உள்ள 2.3 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியின் ஆடிக்கும் வெற்றிட அறையில்தான் அலுமினியப் பூச்சு கொடுக்கிறார்கள். 1960 ஆகஸ்ட் 12இல் அமெரிக்கா விண்ணில் ஏவிய எக்கோ 1 என்ற ராட்சத பலூன், அலுமினியம் பூசிய 12.7 மைக்ரான் பாலியெஸ்டர் தாளால் ஆனதே. 30 மீட்டர் விட்டமுள்ள அந்தப் பலூன், வானொலி அலைகளைக் கண்டம் விட்டுக் கண்டம் திருப்பி அனுப்பியது. அது 1968 வரை விண்ணில் சுற்றியது. தொலைநோக்கி ஆடியில் பல ஆண்டுகள் உழைக்கும் அதே பூச்சு, பரிசுத் தாளில் அரை நிமிடம் உழைத்துவிட்டுக் குப்பைக்குப் போகிறது. அதுதான் குறை.

இப்போது கணக்குப் போடுங்கள். அலுமினியத்தின் அடர்த்தி கன செ.மீ.க்கு 2.7 கிராம். 40 நானோமீட்டர் அடுக்கு என்றால், ஒரு சதுர மீட்டருக்கு வெறும் 0.1 கிராம். உங்கள் வகுப்பின் 14 சதுர மீட்டரையும் சேர்த்தால் ஒன்றரை கிராம்! இந்த ஒன்றரை கிராமுக்காக யாராவது 40 தாள்களைப் பொறுக்கி, சுரண்டி, உருக்குவார்களா? மாட்டார்கள். அலுமினியம் பூசியதால் பாலியெஸ்டரும் கலப்படமாகிவிட்டது. ஆகவே பழைய பேப்பர் கடைக்காரர் இதை எடுப்பதில்லை.

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 12 மைக்ரான் பாலியெஸ்டர் தாள் ஒன்றின் எடை ஏறத்தாழ 6 கிராம். சதுர மீட்டருக்கு 70 கிராம் எடையுள்ள காகிதத்தில் அதே அளவுத் தாள் 24.5 கிராம். எனவே பொருளின் எடையை மட்டும் பார்த்தால் ஜிகினாத் தாள்தான் சிக்கனம்! ஆனால் பயன்படுத்திய பிறகு அதற்கு என்ன நேர்கிறது என்பதையும் கணக்கில் சேர்த்தால் தராசு மறுபக்கம் சாய்கிறது. ஒரு பொருளின் பிறப்பை மட்டுமல்ல, அதன் இறுதியையும் பார்த்த பிறகே தீர்ப்புச் சொல்ல வேண்டும். இது பரிசுத் தாளுக்கு மட்டுமன்றி எல்லாப் பொருள்களுக்கும் பொருந்தும்.

நாரும் நீரும்

காகிதத்தை ஏன் திரும்பத் திரும்பப் பயன்படுத்த முடிகிறது? ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு மூடியுள்ள பாட்டிலில் பாதி தண்ணீர் ஊற்றுங்கள். பழைய நாளிதழைச் சிறு துண்டுகளாகக் கிழித்துப் போட்டு, ஒரு மணி நேரம் ஊற விட்டு, நன்றாகக் குலுக்குங்கள். கூழாகிவிடும். இன்னொரு பாட்டிலில் ஜிகினாத் தாளின் துண்டுகளைப் போட்டுக் குலுக்குங்கள். மறுநாள் வரையில் வைத்துப் பார்த்தாலும் துண்டு துண்டாகவே இருக்கும்.

காகிதத்தின் நார்கள் செல்லுலோஸால் ஆனவை. ஈர நார்கள் உலரும்போது ஒன்றையொன்று நெருங்கி, ஹைட்ரஜன் பிணைப்பு என்னும் மென்மையான பிணைப்பால் கைகோத்துக்கொள்கின்றன. தண்ணீர் பட்டதும் நீர் மூலக்கூறுகள் நடுவே புகுந்து அந்தக் கைகளைப் பிரித்துவிடுகின்றன. நார்கள் நீரில் மிதக்கும். மீண்டும் சல்லடையில் வடித்து உலர்த்தினால் புதிய காகிதம். காகித ஆலையில் நடப்பதன் சாரம் இதுவே. ஒவ்வொரு தடவையும் நார்கள் கொஞ்சம் உடைந்து குட்டையாகும்; அதனால் ஏறத்தாழ 5 முதல் 7 தடவை வரையே ஒரு நாரைப் பயன்படுத்த முடியும் என்று கணக்கிடுகிறார்கள்.

இந்த ஓட்டத்துக்கு இரண்டு விரோதிகள். ஒன்று, ஒட்டு நாடா. அதன் பசை நீரில் கரைவதில்லை. கூழில் பிசுபிசுப்பான உருண்டைகளாகத் திரண்டு இயந்திரங்களில் ஒட்டிக்கொள்ளும். மற்றொன்று, ஜிகினாத் தூள். பெரும்பாலும் அதுவும் அலுமினியம் பூசிய பாலியெஸ்டரைப் பொடிப் பொடியாக வெட்டியதுதான். தாளில் உதிர்ந்து, கையில் ஒட்டி, கழுவும் நீரோடு சாக்கடைக்கும் ஆற்றுக்கும் போய்ச் சேரும். ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரில் உதிரியான பிளாஸ்டிக் ஜிகினாத் தூள் விற்பனையைத் தடை செய்தது. நம் நாட்டிலும் 2022 ஜூலை 1 முதல் தடை செய்யப்பட்ட ஒருமுறைப் பிளாஸ்டிக் பொருள்களில், இனிப்புப் பெட்டிகளையும் அழைப்பிதழ்களையும் சுற்றும் பிளாஸ்டிக் தாள் இடம்பெற்றுள்ளது.

காகிதம்தான் மக்கிவிடுமே, எங்கு போட்டால் என்ன என்று நினைக்க வேண்டாம். குப்பை மேட்டின் அடியில், காற்றுப் புகாத இடத்தில் காகிதம் மக்கும்போது மீத்தேன் வாயு உண்டாகிறது. 100 ஆண்டுக் கணக்கில் பூமியைச் சூடேற்றுவதில் இது அதே எடை கார்பன் டை ஆக்சைடைவிட ஏறத்தாழ 28 மடங்கு வலிமையுள்ளது. பழைய பேப்பர் கடைக்குப் போகும் காகிதத்துக்கும் குப்பை மேட்டுக்குப் போகும் காகிதத்துக்கும் உள்ள வேறுபாடு இதுவே. சரி, எரித்துவிடலாமா? கூடாது. மையும் பிளாஸ்டிக்கும் கலந்த தாளை எரித்தால் வரும் புகை உங்கள் நுரையீரலுக்குத்தான் போகும்.

எவ்வளவு தாள் வேண்டும்?

எந்தத் தாளாயிருந்தாலும், முதல் சிக்கனம் கத்தரிக்கோலுக்கு முன்னால் அளவுகோலை எடுப்பது. ஒரு பெட்டியைச் சுற்றத் தேவையான தாளுக்கு ஓர் எளிய விதி உண்டு.

தாளின் ஒரு பக்கம்: பெட்டியின் அகலத்தையும் உயரத்தையும் கூட்டி 2 ஆல் பெருக்குங்கள். மறுபக்கம்: நீளத்தையும் உயரத்தையும் கூட்டுங்கள். அவ்வளவுதான். ஒன்றன்மேல் ஒன்று படிய ஓரிரு செ.மீ. சேர்த்துக்கொள்ளலாம்.

இரண்டையும் பெருக்கி, பெட்டியின் மொத்த மேற்பரப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். வீணாகும் பரப்பு எவ்வளவு வருகிறது? உயரத்தின் வர்க்கத்தைப் போல் இரண்டு மடங்கு. சரியாக அவ்வளவே! ஆகவே, எது மிகச் சிறிய அளவோ அதையே ‘உயரம்’ என்று வைத்துக்கொண்டால் வீணாவது மிகக் குறைவு.

25 செ.மீ. நீளம், 18 செ.மீ. அகலம், 3 செ.மீ. தடிமன் உள்ள ஒரு புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மேற்பரப்பு 1,158 சதுர செ.மீ. விதிப்படி தாள் 42க்கு 28, பரப்பு 1,176. வீணாவது 18 மட்டுமே. தவறாக 18 செ.மீ. பக்கத்தை உயரமாகக் கொண்டு சுற்றினால் வீணாவது 648! ஒட்டும் ஓரத்துக்கு 2 செ.மீ. சேர்த்து 44க்கு 28 என்று வெட்டினாலும், 50க்கு 70 தாளிலிருந்து இரண்டு புத்தகங்களுக்குத் தாள் கிடைக்கும், 14 செ.மீ. அகலமுள்ள ஒரு பட்டையும் மிஞ்சும். உங்கள் வகுப்பின் 40 தாள் 20 தாளாகக் குறைந்துவிட்டது.

ஒரே வீட்டுக்குப் போகும் இரண்டு புத்தகங்களை ஒன்றாக அடுக்கிச் சுற்றினால் 48க்கு 31, அதாவது 1,488 சதுர செ.மீ. போதும். தனித்தனியே சுற்றினால் 2,352 வேண்டும். சேர்ந்திருந்தால் மேற்பரப்பு குறைகிறது. குளிரில் பூனைக் குட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் படுப்பதும் இதே தத்துவந்தான்!

ஜப்பானியரின் சதுரத் துணி

ஜப்பானில் பரிசுகளை ஃபுரோஷிகி என்னும் சதுரத் துணியில் முடிந்து கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. ‘ஃபுரோ’ என்றால் குளியல். ‘ஷிகி’ என்றால் விரிப்பு. எடோ காலத்தில், அதாவது 1603க்கும் 1868க்கும் இடையில், பொதுக் குளியல் கூடங்களுக்குச் செல்வோர் தங்கள் உடைகளை இத்தகைய துணியில் முடிந்து வைத்தார்கள். பின்னர் வியாபாரிகள் சரக்குகளை மூட்டை கட்ட இதைப் பயன்படுத்தினார்கள். பிளாஸ்டிக் பைகள் வந்தபின் பழக்கம் தேய்ந்தது. 2006இல் அந்நாட்டின் சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த யுரிகோ கொய்கே, பழைய பிளாஸ்டிக் பாட்டில்களிலிருந்து எடுத்த நூலால் ஒரு ஃபுரோஷிகியைச் செய்வித்து, மக்களிடம் இவ்வழக்கத்தை மீண்டும் பரப்ப முயன்றார்.

துணியில் சுற்றும் முறை எளிது. துணியை விரித்து, பெட்டியை நடுவில் சாய்சதுரமாக வையுங்கள். எதிரெதிரான இரண்டு மூலைகளை மேலே மடியுங்கள். மற்ற இரண்டு மூலைகளையும் தூக்கி முடிச்சுப் போடுங்கள். 12 செ.மீ. சதுர அடியும் 6 செ.மீ. உயரமும் உள்ள ஒரு பெட்டிக்கு மூலைவிட்டம் குறைந்தது 36 செ.மீ. வேண்டும். 45 செ.மீ. பக்கமுள்ள துணியின் மூலைவிட்டம் 63 செ.மீ.க்குச் சற்று மேல். ஆக, முடிச்சுக்கு இரு புறமும் 13 செ.மீ.க்கு மேல் மிஞ்சும். தாராளமாகப் போதும்.

முடிச்சில் ஒரு நுட்பம் உண்டு. முதல் மடிப்பில் வலது நுனியை இடது நுனியின் மேல் போட்டீர்களானால், இரண்டாவது மடிப்பில் இடது நுனியை வலது நுனியின் மேல் போட வேண்டும். அப்போதுதான் இரண்டு கண்ணிகளும் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துச் சமச்சீராக அமையும். இரண்டு தடவையும் ஒரே பக்கமாகப் போட்டால் முடிச்சு கோணிக்கொண்டு நழுவும். ஜப்பானியர் ஃபுரோஷிகிக்குப் போடுவது முதலில் சொன்ன முடிச்சே.

முடிச்சு நிற்பது உராய்வால். இதைச் சோதித்துப் பாருங்கள். ஒரு நூலின் ஒரு முனையில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கட்டுங்கள். மறுமுனையில் ஓர் அழி ரப்பரைக் கட்டுங்கள். நூலைக் கிடையாகப் பிடித்த ஒரு மரக் குச்சியின் மேல் சும்மா போட்டால் பாட்டில் ‘சர்’ரென்று இறங்கும். குச்சியைச் சுற்றி இன்னும் இரண்டு அல்லது மூன்று முழுச் சுற்றுகள் சுற்றிப் பாருங்கள். சின்ன ரப்பர் பெரிய பாட்டிலைப் பிடித்து நிறுத்திவிடும்! உராய்வுக் குணகம் 0.3 என்றால் ஒரு முழுச் சுற்று பிடிமானத்தை ஏறத்தாழ 6.6 மடங்காக்கும், இரண்டு சுற்று 43 மடங்கு, மூன்று சுற்று 280 மடங்குக்கும் மேல். சுற்றுகள் கூடும்போது பிடிமானம் கூட்டலாக அன்று, பெருக்கலாக ஏறுகிறது.

நம் ஊர் மளிகைக் கடைக்காரர்கள் ஒட்டு நாடாவே இல்லாமல், பழைய தாளில் பருப்பை மடித்து, மேலே தொங்கும் நூற்கண்டிலிருந்து நூலை இழுத்து நான்கு சுற்றுச் சுற்றிப் ‘பட்’டென்று அறுப்பார்களே, அந்தப் பொட்டலம் பிரியாமல் நின்ற இரகசியம் இதுதான். பருத்தி நூலும் சணலும் சொரசொரப்பானவை, நன்றாகப் பிடிக்கும். வழவழப்பான பிளாஸ்டிக் நாடா அப்படிப் பிடிக்காது.

துணியிலும் ஒரு கணக்கு

அப்படியானால் எல்லாரும் கடைக்குப் போய் அழகான துணி வாங்கிப் பரிசைச் சுற்றிவிட்டால் போதுமா? பொறுங்கள். இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள்.

பருத்தியை விளைவிக்க நீர், உரம், பூச்சி மருந்து வேண்டும். நூற்கவும் நெய்யவும் சாயமேற்றவும் எரிசக்தி வேண்டும். டென்மார்க் அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2018இல் கடைப் பைகளைப் பற்றி ஒரு கணக்கெடுப்பை வெளியிட்டது. சாதாரணப் பருத்திப் பை ஒன்று, தட்பவெப்பப் பாதிப்பை மட்டும் கருதினாலும், மெல்லிய பிளாஸ்டிக் பையைவிட மேல் என்று சொல்ல வேண்டுமானால் அதை 50 தடவைக்கு மேல் பயன்படுத்தியாக வேண்டும் என்று அதில் கண்டார்கள். பை வேறு, பரிசுத் துணி வேறு என்றாலும் பாடம் ஒன்றே. புதிய துணியை வாங்கி ஒருமுறை முடிந்து, பிறகு மூலையில் போட்டால் அது காகிதத்தைவிடக் கெடுதலே செய்கிறது.

ஆகவே துணி என்றால், ஏற்கெனவே வீட்டில் இருக்கும் துணி. கிழிந்த பருத்திப் புடவையின் நல்ல பகுதி, தையற்கடையில் மிஞ்சிய துண்டு, பழைய தாவணி. இல்லையேல், துணியே பரிசின் ஒரு பகுதியாக இருக்கட்டும். புத்தகத்தை ஒரு கைத்தறித் துண்டில் முடிந்து கொடுத்தால், பரிசு பெற்றவர் துண்டையும் நாள்தோறும் பயன்படுத்துவார். அப்போது குப்பைக் கணக்கில் வருவது பூஜ்யம்.

ஓலையும் மஞ்சளும்

தென் மாவட்டங்களில் பனை ஓலைப் பெட்டி முடையும் கலை இன்னும் வாழ்கிறது. தூத்துக்குடி மாவட்டத்துக் கடற்கரை ஊரான மணப்பாடு இதற்குப் பெயர் பெற்றது. செட்டிநாட்டில் இதையே கொட்டான் என்பார்கள். ஓலைக் கீற்றுகள் ஒன்றன்மேல் ஒன்றும் ஒன்றன்கீழ் ஒன்றுமாக மாறி மாறிச் செல்கின்றன. ஒவ்வொரு குறுக்கிலும் உராய்வு. பசையும் இல்லை, ஆணியும் இல்லை. ஓலையின் நார்கள் நீளவாட்டில் ஓடுவதால் இழுவைக்கு அசையாது. இரண்டு திசையிலும் முடைவதால் பெட்டி எல்லாப் பக்கமும் வலுவாகிறது. கிறிஸ்துமஸ் பலகாரத்தை அத்தகைய பெட்டியில் கொடுத்தால், பலகாரம் தீர்ந்த பின் அது பேனா, பென்சில் வைக்க உதவும். பழையதானால் மண்ணில் மக்கும்.

ஓலைப் பெட்டி கிடைக்காத ஊரிலும் கவலையில்லை. கிழித்த மாதக் காலண்டர் தாளின் வெள்ளைப் பின்புறம் இருக்கிறதே! அதை அலங்கரிக்க ஒரு வித்தை சொல்கிறேன். மஞ்சள் தூளைத் தண்ணீரில் குழைத்து, பஞ்சால் தாள் முழுவதும் தடவி நிழலில் உலர்த்துங்கள். ஒரு வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டுங்கள். வெட்டு முகம் ஐந்து முனை நட்சத்திரமாக இருக்கும். அதைச் சலவைச் சோடாக் கரைசலில் தோய்த்து மஞ்சள் தாளில் அச்சுப் பதியுங்கள். மஞ்சள் வானில் சிவப்பு நட்சத்திரங்கள் பூக்கும்! மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற பொருள் காரம் பட்டால் சிவக்கிறது. ஆரத்தி கரைக்கும்போது சுண்ணாம்பு சேர்த்தால் சிவப்பது இதனாலேயே. நேர் வெயிலில் இந்த நிறம் மங்கும். அதனால் விழாவுக்கு முதல் நாள் செய்யுங்கள். சோடாக் கரைசல் கையில் பட்டால் உடனே கழுவிவிடுங்கள்.

ஒட்டுவதற்கு மைதாப் பசை போதும். மாவிலுள்ள ஸ்டார்ச்சு, காகிதத்திலுள்ள செல்லுலோஸின் நெருங்கிய உறவினர். இரண்டுமே குளுக்கோஸ் கண்ணிகளால் ஆன சங்கிலிகள். தண்ணீரில் போட்டால் பசையும் இளகிப் பிரிந்துவிடும். காகித ஆலைக்குத் தொல்லை இல்லை.

ஓர் எச்சரிக்கை. நாளிதழில் புத்தகத்தையோ பொம்மையையோ சுற்றலாம். தின்பண்டத்தை நேரடியாகச் சுற்றக் கூடாது. அச்சு மையில் உள்ள பொருள்கள் எண்ணெயில் இறங்கும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016இலேயே இதுபற்றி எச்சரித்தது. தின்பண்டத்துக்கு ஓலைப் பெட்டியோ, மூடியுள்ள டப்பாவோ, வாழை இலையோ ஏற்றது.

தராசு சொல்லட்டும்

இதுவரை கண்டதை ஒரு வரிசையாக நினைவில் வைத்துக்கொள்ளலாம். சுற்றாமலே கொடுக்க முடிந்தால் அது முதலிடம். பரிசின் பகுதியாகவே இருக்கும் துணியோ பெட்டியோ அடுத்தது. வீட்டிலுள்ள பழைய தாளும் நூலும் அதற்கு அடுத்தது. பூச்சில்லாத புதிய காகிதம், அளந்து வெட்டியது, நான்காவது. ஜிகினாத் தாளும் கலப்புத் தாளும் கடைசி. ஆனால் ஏற்கெனவே வீட்டில் ஜிகினாத் தாள் இருந்தால் அதை எறிந்துவிடாதீர்கள். நூலால் கட்டி, கிழியாமல் பிரித்து, மடித்து வைத்து, அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் பயன்படுத்துங்கள். அது மக்காது என்பதே அப்போது அதன் சிறப்பாகிவிடும்!

இறுதியாக உங்கள் வகுப்புக்கு ஒரு பரிசோதனை. இந்த ஆண்டு விழா முடிந்ததும் சுற்றுத் தாள்களை எல்லாம் ஓரிடத்தில் சேருங்கள். கசக்கும் சோதனையைச் செய்து காகிதம், பிளாஸ்டிக், கலப்பு என்று மூன்று குவியலாகப் பிரியுங்கள். பள்ளி ஆய்வகத் தராசில் ஒவ்வொன்றையும் நிறுத்து, எடையைக் கரும்பலகையில் எழுதுங்கள். முதல் குவியலைப் பழைய பேப்பர் கடைக்குக் கொடுங்கள். மற்ற இரண்டையும் என்ன செய்வது என்று வகுப்பில் அனைவரும் கூடி விவாதியுங்கள். அவை கிராம் கணக்கில்தான் இருக்கும்; ஆனால் கொடுக்க இடம் கிடைக்காது. அந்த எண்களை உங்கள் நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்துக்கொண்டு, அடுத்த டிசம்பரில் மீண்டும் நிறுத்துப் பாருங்கள். இரண்டாவது எண்ணும் மூன்றாவது எண்ணும் குறைந்திருந்தால், உங்கள் வகுப்பு வெற்றி பெற்றது என்று தராசே சொல்லிவிடும்.